பழைய டிரெய்லரில் ஜீப் ஏற்றிய கதை

மூலனூர்ப் பக்கம் மாமா வீட்டுக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு), வெள்ளவேலா மரத்தடியில் பல வருசமாக ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. மஹிந்திரா சி.ஜே. 3பி. பானெட் ஒசரமாக, குதிரை மொகம் மாதிரி இருக்குமே, அதேதான். நாலு டயரும் மண்ணோடு மண்ணாகிவிட்டது, பின் சீட்டில் கோழி அடை வைத்திருந்தது. போன தை மாசம் மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்: "எடுத்துட்டுப் போறதுன்னாப் போ மாப்ளே. இல்லாட்டி எடைக்குப் போட ஆக்கர் கடைக்காரன வரச் சொல்லீருவேன்."

எங்கள் காடு வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம். தூரம் பார்த்தால் இருபது கிலோமீட்டருக்குப் பக்கம்தான். கட்டி இழுத்துக்கொண்டு வரலாம் என்றால் பிரேக் டிரம் நாலும் பிடித்துப்போய்க் கிடக்கிறது. கிரேன் வண்டிக்காரர் சொன்ன வாடகைக்கு ஜீப்பையே இன்னொன்று வாங்கலாம் போலிருந்தது. வீட்டில் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. டிரெய்லர்தான் இல்லை. சரி, ஒன்று வாங்கிவிட்டால் பிறகு பங்காளி வீட்டு மினி டிராக்டரையும் ஏற்றி இறக்கலாமே என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது ஒற்றை அச்சு டிரெய்லர். ரெண்டு சக்கரம், படுக்கை 12 அடிக்கு 6 அடி, பக்கப் பலகை எதுவும் இல்லாத மொட்டைத் தளம். விற்றவர் கரும்பு ஏற்றியவர். முதலில் பார்த்தது இரும்பை அல்ல, காகிதத்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்கும் தனியாகப் பதிவு உண்டு. பதிவுச் சான்றில் இருக்கும் சேஸிஸ் நம்பரும், இழுவைக் கம்பத்தில் குத்தியிருக்கும் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். இன்னொன்று, நான் இதைச் சொந்த வேலைக்குத்தான் வைத்திருக்கிறேன். வாடகைக்கு ஓட்டுகிற எண்ணம் இருந்தால் பெர்மிட், இன்சூரன்ஸ் கணக்கே வேறு.

வீட்டுக்கு இழுத்து வந்த அன்றைக்கே பட்டறை அண்ணன் வந்து பார்த்தார். தளத்தையோ டயரையோ பார்க்கவில்லை. நேராக முன்னால் போய், டிராக்டரில் மாட்டுகிற கம்பத்து நுனி வளையத்தில் பின்னைச் சொருகி, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். டங்கு டங்கு என்றது.

"ஆட்டம் இருக்குதுங் தம்பி. இங்க இவ்வளவுன்னா வேற எங்கெங்க இருக்குதுன்னு பாத்துக்குங்."

அதற்கப்புறம் ஒன்றரை மாசம் நான் செய்தது எல்லாம் அந்த டங்கு டங்கைத் தேடிக்கொண்டு போனதுதான்.

வளையத்தை வெர்னியர் வைத்து அளந்தோம். பின் 30 மில்லிமீட்டர். துளை குறுக்குவாக்கில் 36, இழுக்கிற வாக்கில் 41. அதாவது பின் உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. டிரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது, டிராக்டருக்கும் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ரெண்டு டன் அந்த ஒரு சென்டிமீட்டரை ஓடி வந்து முட்டும். கிளட்சை விட்டால் திரும்ப இழுபடும். கரும்புப் பாரத்தோடு பல வருசம் முட்டி முட்டித்தான் வட்டம் முட்டையாகியிருக்கிறது. உள்பக்கம் வெல்டு நிரப்பி, லேத்தில் கடைந்துவிடலாமா என்று கேட்டேன். நிரப்பின வெல்டு கெட்டியாக நின்று விரிசல் விடும் என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு, காய்ச்சி அடித்துச் செய்த புது வளையத்தை வைத்து, சேர்கிற விளிம்பை சரிவாக அரைத்து, உள்ளேயிருந்து மூன்று ஓட்டு வெல்டு. ரெண்டு பக்கமும் பட்டைத் தகடு. பின்னுக்கு மேல்நட்டு, கீழே லாக் பின். அதுக்கும் மேலே ரெண்டு சங்கிலி, கம்பத்துக்கு அடியில் குறுக்காகப் போகிற மாதிரி. பின் கழன்றாலும் கம்பம் ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் அங்கேயும் ஆட்டம். தொப்பியைக் கழற்றினேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பிப் பொடி மாதிரி ஏதோ இருந்தது. வெளி பேரிங்கின் உருளைகள் நீலம் பாய்ந்து, சூடு கண்ட நிறத்தில் இருந்தன. உள் பேரிங்கின் கிண்ணத்தில் நகக்கண் அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகக் குழி. தண்ணீர் இறங்கி அப்படியே நிறுத்தி வைத்தால் இப்படித்தான் ஆகும். ரெண்டு பக்கமும் செட்டாக மாற்றினேன். பழைய கிண்ணத்தில் புது உருளையைப் போடுவது, தேய்ந்த செருப்பில் ஒன்றை மட்டும் மாற்றுகிற வேலை.

பேரிங் மாட்டுகிற விதத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நானே ரெண்டு தடவை தப்பாகச் செய்துவிட்டதால். உள்ளங்கையில் ஏபி3 கிரீஸை உருண்டையாக வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகல வாயை அதில் குத்திக் குத்தி அமுக்க வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கு இடையில் கிரீஸ் புழு மாதிரி வெளியே வருகிற வரைக்கும். மேலாகப் பூசினால் அது பூச்சுதான். பிறகு சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் ஒக்காராது. சுற்றுவது கனத்ததும் நட்டை ஒரு பல் பின்னால் விட்டு, துளை நேர்ப்படும் இடத்தில் புது காட்டர் பின். பழைய காட்டர் பின்னை நிமிர்த்திப் போடவே கூடாது, அது 10 ரூபாய்ச் சாமான். முதல் தடவை நான் பல்லை விடாமல் இறுக்கமாகவே பின் போட்டுவிட்டேன். காட்டுத் தடத்தில் ரெண்டு சுற்று ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை.

டயர் பார்க்க அருமையாக இருந்தது, பட்டன் எல்லாம் அப்படியே. ஆனால் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் கடைசி நாலு எண் 1811 என்று இருந்தது. 2011-ஆம் வருசம் 18-ஆவது வாரம் செய்தது. ஓடாத டயர் தேயாது, ஆனால் வெயிலில் காயும். பக்கச் சுவரை விரலால் அமுக்கினால் மயிரிழை வெடிப்பு விரிந்து காட்டியது. 7.50-16 புதுசு ரெண்டு, ஸ்டெப்னிக்கு ஒன்று. செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது.

அடிச்சட்டம் ‘ப’ வடிவச் சேனல் இரும்பு. சுத்தியலால் அடிக்கு அடி தட்டிக்கொண்டு போனேன். நல்ல இடம் கணீரென்றது, ஒரு மூலையில் மட்டும் பொதக்கென்றது. அங்கே பெயின்ட் சுரண்டினால் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற கொண்டிக்குப் பக்கத்தில், துரு ஒழுகி இறங்கின ஒரு கோடு. பெயின்ட் மேல் துருக்கோடு தெரிந்தால் அதன் கீழ் விரிசல் என்று எடுத்துக்கொள்ளலாம். விரிசலின் ரெண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்திவிட்டு, கோட்டை வாய்க்கால் மாதிரி அரைத்து வெல்டு வைத்தார் அண்ணன். மேலே தகடு வைத்தபோது நீளவாக்கில் மட்டும்தான் வெல்டு ஓட்டினார். சேனலின் அடி விளிம்பில் குறுக்காக வெல்டு ஓட்டினால், சரியாக அந்தக் கோட்டில்தான் நாளைக்கு ஒடியும் என்றார். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கிற யு-போல்ட் நாலும் புதுசு.

தளத் தகடு சல்லடையாக இருந்தது. முழுக்க 5 மில்லிமீட்டர் செக்கர் தகடு அடிக்க நினைத்துக் கணக்குப் போட்டேன். 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோவுக்கு மேல். 12-க்கு 6 என்றால் 260 கிலோ ஆகிறது. சக்கரம் ஓடுகிற தடத்துக்கு மட்டும் ஒன்றரை அடி அகலத்தில் ரெண்டு பட்டை போட்டு, நடுவை வெறுமனே விட்டுவிட்டேன். பாதி எடை மிச்சம். நடு திறந்திருப்பதால் ஜீப்புக்கு அடியில் கை விட்டுக் கட்டவும் தோது. கட்டுவதற்கு ஆறு வளையம், ஆறையும் சேனலோடு சேர்த்து. தகட்டின் மேல் ஒட்டின வளையம் இழுத்தால் தகட்டோடு வந்துவிடும்.

அடுத்து ஏறு பலகை. தளத்தின் ஒசரம் தரையிலிருந்து 3 அடி. 10 அடி நீளத்துக்கு 75 மில்லிமீட்டர் சேனலில் ரெண்டு செய்தோம். தூக்க ரெண்டு ஆள் வேண்டும். நுனியில் கொக்கி மாதிரி வளைத்து, தளத்தின் விளிம்பில் மாட்டினால் போதும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு.

வெள்ளோட்டம் பார்க்க, பங்காளி வீட்டு மினி டிராக்டரைக் களத்துக்கு வரச் சொன்னேன். எங்கள் களம் முன்பக்கம் லேசான சரிவு. பெரிய டிராக்டரில் டிரெய்லரை மாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிவிட்டேன். தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை மினி டிராக்டரை ஓட்டி ஏற்றினார். முன் சக்கரம் தளத்தில் ஏறியது. பின் சக்கரம் பலகையின் உச்சிக்கு வந்த நேரம் டிரெய்லரின் வால் பொத்தென்று இறங்கியது. அச்சுக்குப் பின்னால் பாரம் விழுந்தால் முன்னால் கம்பம் மேலே போகத்தானே செய்யும்? கம்பம் போனதோடு டிராக்டரின் பின்பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போனது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது அந்தப் பின் சக்கரத்தைத்தான். அதில் பாரம் குறைந்ததும் டயர் கப்பி மண்ணில் வழுக்கி, மொத்தமும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஒரு சாண்தான். கொக்கி விளிம்பை விட்டு, வலது பலகை படீரென்று தரையில். மினி டிராக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அச்சு தள விளிம்பில் ஒக்காந்து நின்றது.

மாப்பிள்ளை சீட்டைவிட்டு எழவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எஞ்சினை அமத்தட்டுங்களா மச்சான்?" என்றார். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினோம். வளைந்த பலகையை அண்ணன் நிமிர்த்த மாட்டேன் என்றார், புதிது அடித்தோம். என் வீட்டுக்காரி அன்றைக்கு என்னிடம் பேசவில்லை, தங்கச்சி ஒரு வாரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாற்றம். வாலில் ரெண்டு பக்கமும் சதுரக் குழாயில் இறக்கி ஏற்றும் முட்டுக்கால். ஏற்றும்போது வால் கீழே போக வழியில்லை. பலகை நுனி கொக்கிக்குப் பதில் தளத்தில் துளையிட்டு மேலிருந்து சொருகும் பின். டிராக்டரின் முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னால் வேலாங்கட்டை, ஏனென்றால் ஏற்றும்போது முன் சக்கரத்துக்குத்தான் பாரம் கூடுகிறது. இந்த முட்டுக்காலைத் தூக்க மறந்து வண்டியை எடுத்து, களத்தில் பத்தடிக்குச் சால் ஓட்டினதும் உண்டு. இப்போது லாக் பின்னில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

விளக்கு வேலையை ஒரு நாளில் முடிக்கலாம் என்று நினைத்தேன், மூன்று நாள் ஆனது. ஏழு கம்பி வயர், ஏழு முனை சாக்கெட். இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்கியது. பல்பை மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன். பிறகுதான் உரைத்தது: எர்த்தை டிரெய்லர் இரும்பில் கொடுத்திருந்தேன். கரண்ட், மாட்டுகிற பின்னின் வழியாக, வளையம் வழியாக, துருவும் கிரீஸும் தாண்டி டிராக்டருக்குத் திரும்ப வேண்டும். அங்கே வழி கிடைக்காதபோது பக்கத்து பல்பு வழியாகத் திரும்புகிறது. மூன்றாவது முனைக்கு வெள்ளைக் கம்பியைத் தனி எர்த்தாக இழுத்ததும் எல்லாம் ஒழுங்காயிற்று. பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை என ஒளிரும் பட்டையும் ஒட்டினேன். ராத்திரியில் விளக்கில்லாத கரும்பு டிரெய்லருக்குப் பின்னால் பைக்கில் போனவனுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாசி மாசம் ஒரு நாள் காலையில் கொறங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா மண்வெட்டியோடு நின்றார். டிரெய்லர் சக்கரத்துக்கு ரெண்டு குழி வெட்டச் சொன்னவர் அவர்தான், ஒவ்வொன்றும் ஒரு அடி ஆழம். சக்கரத்தைக் குழியில் இறக்கினால் 3 அடித் தளம் 2 அடியாகிவிடும். 10 அடிப் பலகையில் சரிவு பதினேழு டிகிரியிலிருந்து பதினொன்றுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. ஒரு டன் ஜீப்பை இழுக்க 300 கிலோ இழுவைக்குப் பதில் 200 கிலோ போதும். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "மாட்டு வண்டியில உருளை ஏத்துறப்ப இப்பிடித்தானப்பா செய்வோம்" என்றார். கப்பியும் சுண்ணாம்புக் கல்லுமான மண், வெட்ட முக்கால் மணி நேரம்.

பிடித்த டிரம்களை முந்தின வாரமே வந்து கழற்றித் தட்டி விட்டிருந்தேன், வேறு பழைய டயர் நாலு மாட்டியிருந்தேன். தளத்தின் முன்னால் போல்ட் அடித்த கை வின்ச். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு சுற்றுக்கு மூன்று விரற்கடை நகர்ந்தது. சக்கரத்துக்குப் பின்னாலேயே மாப்பிள்ளை கட்டை வைத்துக்கொண்டு வந்தார். கம்பி இழுபடும்போது அதன் நேரே யாரும் நிற்கக் கூடாது என்று ரெண்டு தடவை சொல்லியும் மாமா நின்றார். கடைசியில் அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கிக் கம்பி மேல் போட்டேன். அறுந்தால் சுண்டுவதைத் துணி கொஞ்சம் அடக்கும். துண்டு போன எரிச்சலில் அவர் தள்ளிப் போய் நின்றார்.

ஜீப்பின் நீளம் 130 அங்குலம். தளம் 144. முன்னால் இடம் விட்டு, பின் ஓரத்தோடு ஓரமாக நிறுத்தினோம், பார்க்க நடுவாகத்தான் இருந்தது. ரெண்டு கிலோமீட்டரில் ஒரு எடைமேடை. கொஞ்சமாகக் கட்டி, நடக்கிற வேகத்தில் அங்கே போனோம்.

எடைமேடையில் ரெண்டு தடவை ஏற்ற வேண்டும். டிராக்டரில் மாட்டினபடியே டிரெய்லர் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தினால் அச்சு தாங்கும் எடை. பிறகு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கம்பத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, டிராக்டரைக் கழற்றினால் மொத்த எடை. மொத்தம் 1,980. அச்சில் 1,860. அதாவது டிராக்டர் கொக்கியில் இறங்குவது வெறும் 120 கிலோ, நூற்றுக்கு ஆறு. பத்திலிருந்து பதினைந்து இருந்தால்தான் டிரெய்லர் அடங்கி வரும். குறைந்தால் வால் ஆடும், மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்ந்து கம்பம் டிராக்டரைத் தூக்கப் பார்க்கும். களத்தில் பார்த்த படத்தை ரோட்டில் பார்க்க எனக்கு ஆசையில்லை. மறுபடி டிராக்டரை மாட்டி, வின்சைச் சுற்றி, மிச்சமிருந்த 14 அங்குலத்தையும் முன்னால் இழுத்தோம். பம்பர் முன் தடுப்பில் போய் முட்டியது. இப்போது அச்சில் 1,740, கொக்கியில் 240. நூற்றுக்குப் பன்னிரண்டு. எடைமேடைக்காரர், "கொப்பரைக்கு ஒருக்கா போடுவாங்க, நீங்க என்னங்க ஒரே வண்டிய இத்தன தடவை போடறீங்க" என்று சலித்துக்கொண்டார். ஆனால் மூன்று சீட்டுக்கு ரெண்டுக்குத்தான் காசு வாங்கினார்.

கட்டுவதில் மாமாவோடு தகராறு. தேங்காய்க் கயிறு கொண்டுவந்திருந்தார். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் பாய்கிற விசை, எடையில் பத்துக்கு எட்டுப் பங்கு வரை வரும் என்று எடுத்துக்கொண்டுதான் கட்டுவார்கள். பக்கவாட்டில் பாதி. ஆயிரத்துச் சொச்சம் கிலோ ஜீப்புக்கு 850 கிலோ. கயிறு அதைத் தாங்குமா என்பது அப்புறம், முதலில் நீளும். நான் எடுத்துப் போனது 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட் நாலு. லேபிளில் நேர் இழுப்புக்கு 2,500 என்று போட்டது. லேபிள் இல்லாத பெல்டை நான் வாங்குவதில்லை. முன் அச்சிலிருந்து ரெண்டு பின்னோக்கி, பின் அச்சிலிருந்து ரெண்டு முன்னோக்கி, குறுக்காக. பாடியில் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் பெல்ட் தளரும். அச்சில் கட்டினால் ஜீப் அதன் ஸ்பிரிங்கில் தானாக ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. அச்சை ஒட்டிப் போகிற பிரேக் பைப் நசுங்காமல் பார்த்து மாட்ட வேண்டும். இரும்பு விளிம்பில் உரசுகிற இடத்தில் பழைய ஹோஸ் துண்டைக் கிழித்துச் செருகினேன். பெல்டில் முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சில் பாதி பலம் போய்விடும். சக்கரம் நாலுக்கும் முன்னும் பின்னும் கட்டை. மாமாவின் கயிற்றையும் ஒரு சுற்றுச் சுற்றினோம், அவர் மனசுக்காக.

மூன்றாவது கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தால் வலது பின் பெல்ட் விரலால் அமுக்குகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. ரெண்டு கிளிக் இறுக்கினேன். டிரெய்லர் ஹப்பைப் புறங்கையால் தொட்டேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடுத்து பத்தாவது கிலோமீட்டரில் ஒரு தடவை. எதுவும் தளரவில்லை. 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்கினோம். இருபுறமும் முருங்கைக் காடும் காற்றாலையும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்த டங்கு டங்கு இல்லை.

இறக்குவதற்குக் குழி வேண்டியிருக்கவில்லை. எங்கள் காட்டில் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம்) ஓரம் மேடு இருக்கிறது, வாலை அதில் ஒட்டி நிறுத்தி, முட்டுக்காலை இறக்கி, வின்சைத் தளர்த்தித் தளர்த்தி விட்டோம். பொழுது இறங்குவதற்குள் ஜீப் மாட்டுக் கொட்டகையில்.

ராத்திரி மாமா போன் செய்தார். குழியை நாளைக்கு வந்து மூடிவிடுகிறேன் என்றேன்.

"மூட வேண்டாம் மாப்ளே. கோழி ரெண்டும் ஜீப்பக் காணாம, இப்ப அந்தக் குழிக்குள்ளதான் படுத்திருக்குது."